வால்யூம் பெடலுக்கு முன்னாலா, பின்னாலா? ஸ்டீல் கிட்டாரில் பஃபர் வைத்தும் போர்வை விலகவில்லை

டல்லாஸ்_மணி

எல்லாருக்கும் வணக்கம். இங்கே கிட்டார் இழைகள் நிறைய இருக்கின்றன, பெடல் ஸ்டீல் (கிடைமட்டமாக வைத்து, தந்தி மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) பற்றி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வாசிப்பவர் ஒருவராவது இருக்க மாட்டாரா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

இருப்பது டல்லாஸில். இரண்டு வருடமாகப் பத்துத் தந்தி ஸ்டீல் பழகுகிறேன், ஈ9 என்ற சுருதி அமைப்பில். தந்தி அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்), மீட்டர் வைத்தால் 18 கிலோ ஓம் காட்டுகிறது. அங்கிருந்து ஒன்றரை மீட்டர் கேபிள். பிறகு 500 கே (கிலோ ஓம்) கன்ட்ரோல், அதாவது மாறும் ரெசிஸ்டர், வைத்த பழைய பாணி வால்யூம் பெடல். பெடலில் இருந்து 6 மீட்டர் கேபிள், கடைசியில் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

பெடலை முழுதும் அழுத்தினால் ஓசை தெளிவாக இருக்கிறது. காலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால், யாரோ ஆம்ப் மேல் போர்வையைப் போட்டு மூடியது போல ஆகிவிடுகிறது. பஃபர் (கேபிளின் சுமை சிக்னலைத் தின்னாமல் நடுவில் நின்று தள்ளிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) போட்டால் தீரும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வாங்கிக் கிட்டாருக்கும் பெடலுக்கும் நடுவில் மாட்டினேன். இப்போது முழுதும் அழுத்தினால் காதைக் கீறுகிறது, பாதியில் போர்வை மட்டும் அப்படியே இருக்கிறது. காசு போனதுதான் மிச்சமா?

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. பெடல் ஓட்டத்தின் கடைசி ஒரு அங்குலத்தில்தான் சத்தம் குபீரென்று எகிறுகிறது. கன்ட்ரோல் பழசு, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காது_பொய்_சொல்லும்

பஃபர், கேபிள் எல்லாவற்றையும் ஒரு ஓரமாக வையுங்கள். சத்தம் குறையும்போது மனிதக் காதுக்கே மேல் சுருதிகளும் அடி சுருதிகளும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வளைகோடு போட்டு வைத்துவிட்டார்கள். பெடலைப் பின்வாங்குகிறீர்கள், சத்தம் குறைகிறது, மங்கலாகத் தெரிகிறது. அவ்வளவுதான். ஒரே அளவு சத்தத்தில் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

ஸ்டீல்பார்_கனடா

தம்பி மணி, ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டீர்கள். ஓம், நான் இருக்கிறேன். டொராண்டோவில் முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறேன்.

வாசிக்காதவர்களுக்கும் விளங்குவதற்காக ஒன்று சொல்கிறேன். இடது கால் தரையில் உள்ள பெடல்களில் இருக்கும், இரண்டு முழங்காலும் லீவர்களில், வலது கால் வால்யூம் பெடலில். இடது கை இரும்புக் கட்டையைத் தந்தி மேல் நகர்த்தும், வலது கை மீட்டும். சும்மா இருக்கிற உறுப்பு தலை ஒன்றுதான். வலது காலை நாங்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும் வைத்திருக்கவில்லை. பாதி பெடலில் மீட்டிவிட்டு, தந்தி ஓயத் தொடங்கும்போது மெதுவாக அழுத்திக்கொண்டே போவோம். ஓய்கிற அளவுக்குக் கால் ஈடு கொடுக்கும். அந்த வாத்தியம் அழுகிற மாதிரி நீண்டு ஒலிப்பது அப்படித்தான் வருகிறது. ஆகவே எங்கள் கால் நாள் முழுக்க நிற்பது நடுப்பகுதியில். அந்த இடத்தில் ஓசை மங்கினால் வாசிப்பே மங்கின மாதிரி.

எனக்கு அந்த மங்கலில் ஒரு பிரியமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் மின்சாரம் தெரிந்தவர்கள் பேசட்டும்.

சால்டர்_சாமி

கோயம்புத்தூரில் ஆம்ப் ரிப்பேர் செய்கிறேன். ஸ்டீல் வாசிக்கத் தெரியாது, ஆனால் இந்தக் கேஸ் கிட்டார்க்காரர்களிடமும் வருவதுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கன்டென்சர். நல்ல கிட்டார் கேபிளே மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் பக்கம் வரும். மணியின் 6 மீட்டர் என்றால் 600. இந்த 600-ஐ யார் தள்ளுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பெடல் முழுதும் அழுத்தியிருக்கும்போது பிக்கப்பே நேராகத் தள்ளுகிறது. பாதியில் நிற்கும்போது நடுவில் கன்ட்ரோலின் ரெசிஸ்டன்ஸ் வந்து நிற்கிறது. 500 கே-யில் சரிபாதி என்றால் மேலே 250, கீழே 250. வெளியே இருந்து பார்க்கிற கேபிளுக்கு இவை இரண்டும் பேரலல், அதாவது 125 கிலோ ஓம். 125 கிலோ ஓமும் 600 பிக்கோஃபாரடும் சேர்ந்தால் சுமார் 2,100 ஹெர்ட்ஸிலிருந்தே மேலே உள்ளதெல்லாம் சரியத் தொடங்கும். கட்டை உரசும் சத்தம், விரல் நகத்தின் கூர்மை, தந்தியின் பளபளப்பு எல்லாமே அதற்கு மேலேதான் இருக்கின்றன. போர்வை என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. பெடலில் இருப்பது லாக் கன்ட்ரோல், அதாவது முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறுவது. அதில் மின்சாரப் பாதி என்பது கால் ஓட்டத்தின் பாதியில் வராது, முக்கால் ஓட்டத்தின் பக்கத்தில் வரும். கனடா ஐயா சொன்ன மாதிரி நீங்கள் கால் வைத்து வாழ்கிற இடமே அதுதான். குதிகாலை நன்றாக இறக்கிவிட்டால் கீழ்ப்பக்க ரெசிஸ்டன்ஸ் சின்னதாகி மங்கல் குறையும், ஆனால் அங்கே கேட்பதற்குச் சத்தமே இருக்காது.

இப்போது உங்கள் பஃபருக்கு வருவோம். பெடலுக்கு முன்னால் வைத்தீர்கள். பஃபர் பிக்கப்பைக் காப்பாற்றியது, நிஜம். முன்பு பெடலை அழுத்த அழுத்த அந்த 6 மீட்டர் கேபிளும் பிக்கப் மேல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. உத்தேசமாக ஒரு கணக்கு: பிக்கப்பின் இண்டக்டன்ஸ் 5 ஹென்றி என்று வையுங்கள். அதன் மேல் 250 பிக்கோஃபாரட் இருந்தால் அது 4,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்ந்து தூக்கலாக ஒலிக்கும். கேபிளின் 600-ம் சேர்ந்து 850 ஆனால் 2,400-க்கு இறங்கிவிடும். பஃபர் போட்டதும் இந்த இறக்கம் நின்றுபோனது. அதனால்தான் முழு அழுத்தத்தில் காதைக் கீறுகிறது.

ஆனால் பெடலுக்குப் பின்னால் என்ன மாறியது? ஒன்றுமே மாறவில்லை. அதே 500 கே, அதே 125 கிலோ ஓம், அதே 6 மீட்டர். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. பஃபரைக் கழற்றிப் பெடலின் அவுட்புட் பக்கம், ஒரு சாண் கேபிளில் மாட்டிப் பாருங்கள்.

ஒரு சந்தேகம். ஆம்பில் எந்த ஜாக்கில் செருகியிருக்கிறீர்கள்? ஒன்றா, இரண்டா?

டல்லாஸ்_மணி

இரண்டில். ஒன்றில் செருகினால் சத்தம் ரொம்ப அதிகம், வீட்டில் திட்டு விழும். ஜாக்கில் என்ன இருக்கிறது அண்ணே?

சால்டர்_சாமி

நினைத்தேன். அந்த வகை ஃபெண்டர் ஆம்பில் 1-ஆம் ஜாக் 1 மெகா ஓம். 2-இல் மட்டும் செருகினால் இரண்டு 68 கே ரெசிஸ்டர் தொடராக வந்து 136 கிலோ ஓம்தான் நிற்கும், சத்தமும் 6 டெசிபல் குறையும். 500 கே கன்ட்ரோலுக்குக் கீழே 136 கே-யைக் கட்டினால் அதன் ஓட்டமே கோணலாகிவிடும். மின்சாரப் பாதியில் பாதி வர வேண்டிய சிக்னல் கால்வாசிதான் வரும். மிச்சம் எல்லாம் கடைசியில் ஒரே தாவாகத் தாவும்.

உங்கள் “கடைசி அங்குலம்” கன்ட்ரோல் பழசானதால் வந்தது இல்லை.

டல்லாஸ்_மணி

அண்ணே, உங்களுக்கு ஒரு காபி கடன். 1-ஆம் ஜாக்குக்கு மாற்றி ஆம்ப் வால்யூமைக் குறைத்தேன். பெடல் ஓட்டம் நூல் பிடித்த மாதிரி சீராகிவிட்டது. ஒரு வருடமாகக் காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு விசித்திரம். நடுவில் போர்வை முன்பைவிடக் கனத்துவிட்டது!

சால்டர்_சாமி

எதிர்பார்த்ததுதான். முன்பு ஆம்பின் 136 கே-யும் அந்த 125 கே-யோடு பேரலலாக இருந்து, கேபிளைத் தள்ளுகிற ரெசிஸ்டன்ஸை 65 கே அளவுக்குக் குறைத்துக்கொண்டிருந்தது. சத்தத்தைத் தின்றது, கூடவே மங்கலையும் கொஞ்சம் தின்றது. இப்போது அது 111 கே. மங்கலுக்கு நீங்கள் பழகியிருந்ததைவிட இது கூடுதல். பஃபரை இடம் மாற்றினீர்களா இல்லையா?

காது_பொய்_சொல்லும்

கணக்கு அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரே சத்தத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

ஸ்டீல்பார்_கனடா

காது பொய் சொல்லும் என்று பெயர் வைத்துக்கொண்டு மற்றவர் காதை மட்டும் சந்தேகப்படுகிறீர்கள். ஆனாலும் நியாயமான கேள்விதான். தம்பி, பதிவு செய்து பாரும்.

டல்லாஸ்_மணி

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க இதே வேலை. அதே 6 மீட்டர் கேபிளை ஆம்பில் இருந்து எடுத்து, கணினியில் பதிவு செய்ய உதவும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் கிட்டார் உள்ளீட்டில் செருகினேன். அதுவும் 1 மெகா ஓம். நாலாம் தந்தியை, கட்டை பத்தாம் இடத்தில் இருக்க, ஒவ்வொரு நிலைக்கும் இருபது தடவை மீட்டினேன். பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பஃபர் பெடலுக்கு முன்னால், பெடல் மின்சாரப் பாதியில்: முழு அழுத்தத்தோடு ஒப்பிட்டால் 5 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 7 டெசிபல் குறைவு. பஃபர் பெடலுக்குப் பின்னால், அதே நிலை: வித்தியாசம் ஒரு டெசிபலுக்குள், அதுவும் என் மீட்டல் சீராக இல்லாததால் இருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். ஸ்டீல் கிட்டார் என்றாலே அவளுக்கு ஆகாது. “இது தலையணைக்குள் இருந்து வருது, இது வெளியே இருந்து வருது” என்று பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்னாள்.

காது_பொய்_சொல்லும்

சரி. உங்கள் மனைவியின் காது பொய் சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

மயிலை_சித்ரவீணை

உள்ளே வரலாமா? நான் வாசிப்பது சித்ரவீணை. அதுவும் தந்தி மேல் கட்டையை வழுக்கி வாசிப்பதுதான், அந்த உறவில் வருகிறேன். பலகையில் ஒட்டும் வட்டப் பீசோ பிக்கப் (காயில் இல்லாமல் அதிர்வையே சிக்னலாக்கும் வில்லை) வைத்திருக்கிறேன். ஆலாபனை ஓய்கிற இடத்தில் ஐயா சொன்னது போலக் காலால் தாங்கிப் பிடிக்கலாமே என்று ஒரு வால்யூம் பெடல் வாங்கினேன். மாட்டின உடனே மந்திர ஸ்தாயி காணாமல் போய்விட்டது. மேலே கொஞ்சம்கூட மங்கவில்லை. தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. மணி சொல்கிற கஷ்டத்துக்கு நேர்மாறாக இருக்கிறதே, ஏன்?

சால்டர்_சாமி

அக்கா, பெடலின் அடியிலோ பெட்டியிலோ 25 கே என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மயிலை_சித்ரவீணை

ஆமாம், 25 கே என்றுதான் இருக்கிறது. கடையில் “இதுதான் புதுசு, இரைச்சல் கம்மி” என்று கொடுத்தார்கள்.

சால்டர்_சாமி

அவர்கள் பொய் சொல்லவில்லை, யாருக்கு என்று சொல்ல மறந்துவிட்டார்கள். 25 கே பெடல் பஃபருக்குப் பின்னால் வைப்பதற்கென்றே செய்தது. பீசோ வில்லை தானே ஒரு கன்டென்சர். 27 மில்லிமீட்டர் வில்லை 20 நானோஃபாரட் பக்கம் வரும். அதை நேராக 25 கே-யில் கட்டினால் 318 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் சரியும். நீங்கள் எந்தச் சுருதி வைத்தாலும் மந்திர ஸ்தாயி அதற்குக் கீழேதான். பிக்கப் காயிலாக இருந்தால் கனமான சுமை மேலே தின்னும், பீசோவாக இருந்தால் கீழே தின்னும்.

உங்களுக்கு பஃபர் கட்டாயம் வேண்டும், அதுவும் பெடலுக்கு முன்னால். இன்புட் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பிறகு அந்த 25 கே பெடல் உங்களுக்கு வரம்: நடுவில் நின்றாலும் கேபிளுக்கு அது 6 கிலோ ஓம் சொச்சம்தான், மங்கவே மங்காது.

மணி, இந்த வழி உங்களுக்கும் உண்டு. பஃபர் முன்னால், 25 கே பெடல் பின்னால். அப்படி வைத்தால் இரண்டு கதவும் பூட்டியாகிவிடும். ஆனால் உங்கள் பழைய பெடலை விட மனம் வராது என்று தெரியும்.

டல்லாஸ்_மணி

வரவே வராது. அதன் கயிறு அறுந்து நானே இரண்டு தடவை கட்டியிருக்கிறேன்.

சரி, பின்னால் வைத்து ஒரு வாரம் வாசித்தாயிற்று. நடுவில் போர்வை போயே போயிற்று. ஆனால் ஒரு குறை. சொன்னால் சிரிப்பீர்கள். எல்லாம் பளிச்சென்று ஒரே மாதிரி இருப்பதால் வாசிப்பு எனக்கே அந்நியமாக இருக்கிறது. ஒவ்வொரு மீட்டலும் முகத்தில் அறைகிறது. ட்ரெபிளை 6-இலிருந்து 4-க்கு இறக்கினேன். அப்படியும் ஏதோ குறைகிறது.

ஸ்டீல்பார்_கனடா

சிரிக்கவில்லை தம்பி. பிறகு சொல்கிறேன் என்று வைத்திருந்தது இதுதான்.

பாதி பெடலில் மீட்டுகிறீர், அப்போது ஓசை மங்கல். ஆகவே நகம் படுகிற அடி மெத்தென்று விழும். பிறகு அழுத்திக்கொண்டே போகிறீர். தந்தி ஓய்கிறது, ஆனால் கன்ட்ரோல் திறக்கத் திறக்க மேல் சுருதி திரும்பி வருகிறது. சத்தம் ஒரே அளவில் நிற்க, நிறம் மட்டும் மெல்ல விரிகிறது. மொட்டு அவிழ்கிற மாதிரி. பழைய நாஷ்வில் பதிவுகளில் நாங்கள் கேட்டு மயங்கினதில் பாதி அதுதான் என்பது என் எண்ணம். 1954-இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டில் ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துச் சுருதியை வளைத்ததைக் கேட்டுத்தான் எல்லாரும் தங்கள் கிட்டார்களுக்குப் பெடல் பூட்ட ஓடினார்கள். அந்தத் தலைமுறையில் இந்த பஃபர் பேச்சே கிடையாது. பிக்கப், பெடல், கேபிள், ஆம்ப். கேபிள் தின்றது போக மிஞ்சினதை வைத்துத்தான் காதையும் காலையும் பழக்கினார்கள்.

பஃபர் அந்த மலர்ச்சியைத் தட்டையாக்கும். அது கெட்டது என்று சொல்லவில்லை. வேகமான ஸ்விங் வாசிப்பவனுக்கு, சி6 என்ற இன்னொரு சுருதி அமைப்பில் கோர்ட் வாசிப்பவனுக்கு, ஒரே நிறம் தங்கம் மாதிரி. மேடையில் பத்து மீட்டர் கேபிள் ஓடினால் நானும் பஃபர் போடுவேன். வீட்டில், மெதுவான பாட்டுக்கு, 3 மீட்டர் கேபிளோடு ஒன்றுமில்லாமல் வாசிப்பேன்.

இதற்கென்றே சர்னோ செய்கிற ஃப்ரீலோடர் என்ற பெட்டியில், பிக்கப் மேல் எவ்வளவு சுமை விழ வேண்டும் என்பதைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். பஃபர் செய்பவர்களுக்கே இந்த ஏக்கம் தெரிந்திருக்கிறது பாருங்கள். ஹில்டன் பெடலில் கன்ட்ரோலே கிடையாது, வெளிச்சத்தால் வேலை செய்கிறது. கன்ட்ரோல் தேய்ந்து கரகரக்கிற தொல்லை ஒழிந்தது. ஆனால் மின்சாரம் இல்லாத இடத்தில் அது வெறும் கால்மணை.

சால்டர்_சாமி

ஐயா சொன்னதை மின்சாரக் கணக்கு மறுக்கவில்லை. 6 மீட்டரை 3 ஆக்கினாலே 600 பிக்கோஃபாரட் 300 ஆகிறது, சரிவு தொடங்கும் இடம் 2,100-இலிருந்து 4,200-க்கு ஏறுகிறது. ஒரு ரூபாய் செலவில்லாத பஃபர் அது. மணி, அதை முதலில் முயன்று பாருங்கள்.

பெடலில் டியூனருக்கென்று தனி ஜாக் இருந்தால் அங்கே செருகிய கேபிளும் பெரும்பாலும் பிக்கப் மேல் சுமையாகச் சேரும். டியூன் பண்ணி முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

அக்காவுக்கு ஒரு சின்ன சர்க்யூட். டி.எல். 072 ஐ.சி.யில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதில் பாதி போதும். 9 வோல்ட்டை இரண்டு 100 கே ரெசிஸ்டரால் பாதியாக்கி, நடுப்புள்ளியில் 10 மைக்ரோஃபாரட். அங்கிருந்து 1 மெகா ஓம் பாசிட்டிவ் இன்புட்டுக்கு. சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக அதே காலுக்கு வரட்டும். அவுட்புட்டை நேராக நெகடிவ் இன்புட்டுக்குக் கட்டுங்கள். வெளியே போகிற வழியில் 100 ஓமும் 10 மைக்ரோஃபாரடும். அந்த 100 ஓமை மிச்சம் பிடிக்காதீர்கள், அது இல்லாமல் நீளக் கேபிளைக் கட்டினால் ஐ.சி. சில சமயம் தானாகவே ஊளையிடும். மீதிப் பாதி ஐ.சி.யையும் சும்மா விடாமல் பாசிட்டிவ் இன்புட்டை நடுப்புள்ளியிலும், அவுட்புட்டை நெகடிவ் இன்புட்டிலும் கட்டி வையுங்கள்.

மணி மாதிரி சூடான பிக்கப் வைத்திருப்பவர்கள் 18 வோல்ட் கொடுத்தால் நல்லது. இரும்பு நகத்தால் ஓங்கி மீட்டும்போது 9 வோல்ட்டில் உச்சி நசுங்க வாய்ப்புண்டு.

ஸ்டீல்பார்_கனடா

பேட்டரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு கல்யாண மண்டபம். முதல் நாள் ஒத்திகை முடிந்து கேபிளைக் கழற்றாமல் போய்விட்டேன். பல பஃபர்களில் ஜாக்கில் கேபிள் இருக்கிறவரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், தெரியுமல்லவா. மறுநாள் பொண்ணு உள்ளே வருகிற பாட்டு. முதல் வரி நல்லாயிருந்தது. இரண்டாம் வரியில் தேனீ புகுந்த மாதிரி ஒரு கரகரப்பு. மூன்றாம் வரியில் ஒன்றுமே இல்லை. கால் மட்டும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கீபோர்ட் பெடியன் என்னைப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தான். அன்றிலிருந்து பஃபர் இல்லாமல் நேராகப் போகிற கேபிள் ஒன்று எப்போதும் கதிரைக்குக் கீழே கிடக்கும்.

மயிலை_சித்ரவீணை

பக்கத்துத் தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைத் தம்பி அந்த சர்க்யூட்டை ஒரு மத்தியானத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். சோப்பு டப்பாவுக்குள் வைத்திருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மந்திர ஸ்தாயி திரும்பி வந்துவிட்டது. பெடலால் தாங்கிப் பிடிப்பது மட்டும் இன்னும் வசப்படவில்லை. கமகம் முடிகிற இடத்தில் கால் அவசரப்பட்டு அழுத்திவிடுகிறது, ஸ்வரம் ஓய்வதற்குப் பதில் கத்துகிறது. சாமிக்கு நன்றி.

டல்லாஸ்_மணி

கடைசி நிலவரம். 3 மீட்டர் கேபிள், பஃபர் இல்லை, 1-ஆம் ஜாக், ட்ரெபிள் மறுபடி 5. நடுவில் மெல்லிய துணி போர்த்தின அளவுதான் மங்குகிறது. ஐயா சொன்ன மொட்டு அவிழ்வது இப்போது கேட்கிறது, முன்பு அது போர்வைக்குள்ளேயே அவிழ்ந்திருக்க வேண்டும். பஃபரை விற்கவில்லை. அடுத்த மாதம் ஒரு பெரிய மேடை இருக்கிறது, ஆம்ப் பத்து மீட்டர் தள்ளி இருக்குமாம். அன்றைக்குப் பெடலுக்குப் பின்னால் மாட்டுவேன். பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருக்கிறேன்.